மூணு மணி மேசை

ஈஸ்வரி என்னிடம் கேட்டது பத்து நிமிஷம். உட்கார்ந்து அவள் சொல்வதைக் கேட்க ஒரு பத்து நிமிஷம், அவ்வளவுதான். மூன்று நாள் கேட்டாள். மூன்று நாளும் நான் கொடுக்கவில்லை. இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் கடை நடத்துவதே ஊரை உட்கார வைத்துப் பேச வைக்கிறேன் என்று சொல்லித்தான்.

போடியில் எங்கள் வீட்டு முன்னறைக்கு வெளியே 'மூணு மணி' என்று ஒரு பலகை தொங்குகிறது. அதைப் பேக்கரி என்று சொன்னால் என் வீட்டுக்காரர் பிரின்ஸ் சிரிப்பார். "ஒரு ஓவன், ஒரு மேசை, எட்டு நாற்காலி. இதுக்குப் பேரு பேக்கரியாக்கும்?" என்பார். அவர் ஹார்டுவேர் கடைக்காரர். ஆணியை எடை போட்டு விற்கிற மனுஷனுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்று நானும் விடாமல் சொல்வேன். இருபத்திரண்டு வருஷம் தொடக்கப்பள்ளி டீச்சராக இருந்தவள் நான். வாய்ச்சண்டையில் தோற்று எனக்குப் பழக்கமில்லை.

எல்லாம் என் தங்கச்சி லில்லியால் வந்தது. அவள் சுவீடனில் கோத்தன்பர்க் என்ற ஊரில் நர்ஸ். அவளுடைய இரண்டாவது பிரசவத்துக்கு ஒத்தாசையாக ஐந்து மாதம் போயிருந்தேன். குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். ஜன்னல் பக்கமே போகாமல் கிடந்தேன். ஒருநாள் பிள்ளையைக் காட்டிவிட்டு வரலாம் என்று அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். சரியாக மணி மூன்று. அந்த வார்டில் இருந்தவர்கள் கையிலிருந்த வேலையை அப்படியே வைத்துவிட்டு ஒரு அறைக்குள் வந்து உட்கார்ந்தார்கள். மேசை மேல் காபி, ஒரு கூடை நிறைய ஏலக்காய் பன். பெரிய ஆபரேஷன் எல்லாம் செய்கிற டாக்டர் ஒருவர். அவருக்குப் பக்கத்து நாற்காலியில் அந்த வார்டில் தரை துடைக்கிற அம்மா. அந்த அம்மா தன் மகனைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். டாக்டர் செல்போனைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதுக்குப் பேரு ஃபீகா, அக்கா" என்றாள் லில்லி. "தெனமும் உண்டு. சும்மா காபி குடிக்கிறதுன்னு நெனச்சிராத. வேலையை விட்டுட்டு வந்து உக்காரணும். ஒருத்தர் பேசுனா இன்னொருத்தர் கேக்கணும். அதுல பெரியாளு சின்னாளு கெடையாது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆயாவுக்குத் தனி டம்ளர் இருந்தது. அதை இருபத்திரண்டு வருஷம் பார்த்துக்கொண்டு இருந்தவள்தானே நான். இந்த மேசையை நம்ம ஊரில் போட்டே தீருவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

அப்புறம் அந்தப் பன். ஊரெல்லாம் ஏலக்காய் மணக்கிற போடியில் பிறந்து வளர்ந்தவள், பாயசத்துக்கு இரண்டு காயைத் தட்டிப்போடுவதற்கு மேல் அதை வைத்து நான் ஒன்றும் செய்ததில்லை. அங்கேயோ விதையை ஒன்றிரண்டாக இடித்து, மாவுக்குள்ளும் போட்டு, வெண்ணெயோடு சேர்த்துத் தடவி, சர்க்கரையோடு கலந்து மேலேயும் தூவுகிறார்கள். மாவை நாடா மாதிரி வெட்டி, முறுக்கி, விரலில் சுற்றி முடிச்சுப் போடுகிறார்கள். லில்லி வீட்டு அடுப்பில் நாற்பது தடவையாவது செய்து பார்த்திருப்பேன். ஊருக்கு வந்ததும் வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு ஓவன் வாங்கினேன்.

ஆனால் பன் சரியாக வந்தது ஈஸ்வரி வந்த பிறகுதான். இதை நான் எந்தப் பேட்டியிலும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

ஈஸ்வரி ஏலக்காய்க் குடோனில் பதினாறு வருஷம் காய் பொறுக்கியவள். அவள் மகள் தமிழ்செல்வி என்னிடம் அஞ்சாம் வகுப்பு படித்த பிள்ளை. அந்தப் பழக்கத்தில்தான் வேலை கேட்டு வந்தாள். ஏலக்காய் வியாபாரி வேலுச்சாமி அண்ணாச்சி எனக்குப் பிரியமாகக் கொடுத்துவிட்டிருந்த காயை, பச்சைப் பசேலென்று குண்டு குண்டாக இருந்ததை, அவளிடம் பெருமையாகக் காட்டினேன். ஒன்றை உடைத்துப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"இது கண்ணுக்குக் காய் டீச்சர். வாய்க்கு இல்ல. வெடிச்ச காயி குடோன்ல மூலைல கெடக்கும், வெலை போகாதுன்னு. அதக் கொண்டாரச் சொல்லுங்க. வெதை கருகருன்னு பிசுபிசுன்னு இருக்கும்" என்றாள்.

அந்த வெடிச்ச காயை வாங்கிச் செய்த பன்னைத் தின்றுவிட்டு வேலுச்சாமி அண்ணாச்சி, "யம்மா டீச்சரு, நாப்பது வருசமா இந்த யாவாரம் பாக்குறேன், ஏலக்காய்க்கு இம்புட்டு ருசி இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது" என்றார். நான் தலைகால் புரியாமல் நின்றேன். சுவீடன் பக்குவம் அண்ணாச்சி என்று சொன்னேன். ஈஸ்வரி உள்ளே தட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள்.

கடைக்கு ஒரே ஒரு சட்டம் வைத்தேன். மூன்று மணிக்குப் பார்சல் கிடையாது. வந்தால் உட்கார வேண்டும், காபி குடிக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டும். முதலில் ஊர் சிரித்தது. பிறகு நாற்காலிக்குப் போட்டி வந்துவிட்டது. பேங்க் ஆட்கள், காலேஜ் வாத்தியார்கள், ஏலம் முடிந்து வருகிற வியாபாரிகள், துணிக்கடை மகாராணி எல்லாரும் வருவார்கள். நான் மேசைத் தலைமாட்டில் உட்கார்ந்து, அந்த டாக்டர் கதையையும் தரை துடைக்கிற அம்மா கதையையும் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்வேன். ஈஸ்வரி தட்டில் பன் கொண்டுவந்து வைப்பாள், காபி ஊற்றுவாள், போய்விடுவாள். நாலு வருஷம். ஒருநாள்கூட, ஏ ஈஸ்வரி, நீயும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரேன் என்று நான் சொன்னதில்லை. வேண்டாம் என்று நினைத்துச் சொல்லாமல் இருக்கவில்லை. அப்படிச் சொல்லலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை. எனக்கு இன்னும் ஆறாமல் கிடப்பது இதுதான்.

தமிழ்செல்வி கெட்டிக்காரி. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நர்சிங் படிக்கட்டும் என்று சொன்னது நான்தான். விண்ணப்பத்தை என் கையால் நிரப்பினேன். அவள் அப்பன் சுருளி ஜீப் ஓட்டுகிறவர், போடிமெட்டுப் பக்கம் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போவார். அவருடைய அண்ணன் தம்பிகள் எல்லாம் பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு வெளியூர்ப் படிப்பு என்று குதித்தபோது, "டீச்சர் சொல்லிட்டாக, படிக்கட்டும்" என்று ஒரே வார்த்தையில் அடக்கிவிட்டார். பிள்ளை இரண்டு வருஷம் முடித்துவிட்டாள். இன்னும் இரண்டு வருஷம். முடித்தால் லில்லி மாதிரி வெளிநாடே போகலாம் என்று விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவளுக்கு ஆசை காட்டினவளும் நான்தான்.

போன ஆடி பிறப்பதற்கு முன்னால், ஒரு வியாழக்கிழமை. மணி மூன்றாகப் போகிறது. நான் சர்க்கரைக் கிண்ணத்தைக் காணோம் என்று தேடிக்கொண்டிருந்தேன். ஈஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள்.

"டீச்சர், தமிழ்செல்விக்கு ஒரு எடம் வந்திருக்கு. ராசிங்காபுரத்துக்காரவுக. நெலபுலம் எல்லாம் இருக்கு, நல்ல ஆளுகதான். ஆனா படிப்ப நிப்பாட்டச் சொல்றாக. இவரு தலையாட்டிருவாரு போல இருக்கு. ஒரு பத்து நிமிசம் உக்காந்தீகன்னா வெவரமாச் சொல்லுவேன்."

இதில் என் காதில் விழுந்தது 'எடம் வந்திருக்கு' என்பது மட்டும்தான். "நல்ல விசயந்தான, அப்புறமா பேசுவோம். அந்தச் சர்க்கரைக் கிண்ணத்தை எங்க வச்ச?" என்று கேட்டேன். அவள் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கூட்டம் போனபிறகு எனக்குக் கால் வலி, போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை வீடியோ எடுக்க வந்துவிட்டார்கள். கார்முகில் என்று ஒரு பெண், ஊர் ஊராகப் போய்ச் சின்னச் சின்னக் கடைகளைப் படம் பிடித்துப் போடுகிறவள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பட்டுச்சேலையை எடுத்துக் கட்டியிருந்தேன், காபிக் கடைக்குப் பட்டு! கேமரா முன்னால் உட்கார்ந்து அதே கதையைச் சொன்னேன். அந்த அம்மா பேசப் பேச டாக்டர் கேட்டார் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது ஈஸ்வரி உள்வாசலில் வந்து நின்று, "டீச்சர், ஒரு பத்து நிமிசம்" என்று மெதுவாகச் சொன்னாள். நான் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டினேன், அப்புறம் வா என்று.

அந்த வீடியோவில் இன்றைக்கும் அது இருக்கிறது. அறுபதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். நான் கையை ஆட்டுகிற இடத்தில், பாசத்தோடு இன்னும் பன் கொண்டுவரச் சொல்கிறேன் என்று நினைத்து ஒருவர் கீழே இரண்டு இதயம் போட்டிருக்கிறார். என்ன செய்யச் சொல்கிறீர்கள்?

அன்று ராத்திரியே வீடியோ வெளியே வந்துவிட, சனிக்கிழமை கடை வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. தேனியிலிருந்தெல்லாம் கார் போட்டு வந்திருந்தார்கள். ஈஸ்வரி மூன்றாவது தடவையாக வந்தாள். "டீச்சர், நாளைக்கு அவுக..." என்று ஆரம்பித்தாள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "ஈஸ்வரி, கடை நேரத்துல வீட்டுக் கதையத் தூக்கிட்டு வராதன்னு எத்தன தடவ சொல்றது? மொதல்ல அந்தத் தட்ட வெரசாக் கொண்டா" என்று கத்திவிட்டேன். மேசையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். அவள் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். அதற்குப் பிறகு கேட்கவேயில்லை.

திங்கட்கிழமை காலையில் ராசிங்காபுரத்திலிருந்து சோலைமலை என்று ஒருவர் போன் செய்தார். வயசான குரல், மரியாதையான பேச்சு. மகனுக்குப் பெண் பார்த்தாகிவிட்டதாம், பூ வைக்கப் புதன்கிழமை நாள் பார்த்திருக்கிறார்களாம். "வீட்டுல பிள்ளைக எல்லாம் நீங்க பேசுனத செல்லுல பாத்துச்சுக. தட்டுல லட்டு வைக்கிறதுக்குப் பதிலா ஒங்க பன்னுதான் வைக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிதுக. நூத்தம்பது வேணும் டீச்சரம்மா. பொண்ணு வீடு குரங்கணி. நேரா அங்கனயே கொண்டாந்து குடுத்துட்டா புண்ணியமாப் போகும்" என்றார்.

பூ வைக்கிற தட்டில் என் பன்! எனக்கு வாயெல்லாம் பல். பெண் யார், யார் வீட்டுப் பிள்ளை என்று ஒரு வார்த்தை கேட்டேனா? இல்லை. முந்நூறு கிராம் ஏலக்காய் ஆகுமா, நானூறு ஆகுமா என்று அப்போதே மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். போனை வைத்த கையோடு சமையல்கட்டுக்குள் போய்ச் சொன்னேன்.

"ஈஸ்வரி, பெரிய ஆர்டரு. ராசிங்காபுரத்துல இருந்து. பூ வைக்கிறாகளாம். பன்னு எங்க போகுது தெரியுமா, ஒங்க ஊருக்குத்தான்!"

அவள் மாவுக் கையோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஆர்டரு எடுத்துட்டீகளா டீச்சர்?"

"எடுக்காம? இத விடுவாகளா?"

"சரி டீச்சர்" என்றாள். குனிந்து மறுபடி பிசைய ஆரம்பித்தாள்.

செவ்வாய்க்கிழமை முழுக்க நின்றோம். நூற்றைம்பது பன் என்றால் விளையாட்டில்லை. மாவு உப்ப வேண்டும், விரிக்க வேண்டும், வெண்ணெய் தடவ வேண்டும், முறுக்க வேண்டும். முடிச்சுப் போடுவது ஈஸ்வரியின் வேலை. எனக்கு அத்தனை அழகாக வராது. நூற்றைம்பதையும் அவள்தான் போட்டாள். வாய் திறக்கவில்லை. கண் சிவந்திருந்தது. சனிக்கிழமை நான் கத்தியதற்கு இன்னும் மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். சரி, ஆர்டர் முடியட்டும், ஒரு நல்ல சேலை எடுத்துக் கொடுத்துச் சமாதானம் செய்துவிடலாம் என்றும் நினைத்தேன். பாருங்கள் என் புத்தியை.

சாயங்காலம் கிளம்பும்போது, "நாளைக்கு வரமாட்டேன் டீச்சர்" என்றாள்.

"வராம? இம்புட்டுப் பாத்திரத்தையும் யாரு கழுவுறது?"

"நாளைக்கு எப்படி டீச்சர் வர முடியும்?" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கே தெரிந்திருக்க வேண்டியதை நான் கேட்பது போலச் சொன்னாள். திமிரைப் பார் என்று பிரின்ஸிடம் ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன்.

புதன்கிழமை காலையில் அட்டைப் பெட்டிகளைக் காரில் அடுக்கிக்கொண்டு பிரின்ஸும் நானும் புறப்பட்டோம். பத்தரைக்கு நல்ல நேரம் என்று சொல்லியிருந்தார்கள். வழியில் ஒரு லாரி குறுக்கே நின்று அரைமணி நேரம் போய்விட்டது. குரங்கணியில் ஜீப் நிற்கிற இடத்தில் விசாரித்தோம். "பூ வைக்கிற வீடா? மேல போங்க, பந்தக்கால் தெரியும்" என்றார்கள். பந்தலுக்கு ஓரமாக ஒரு ஜீப்பைக் கழுவி, பூச்சரம் போட்டு நிறுத்தியிருந்தார்கள். தினமும் காலையில் எங்கள் தெருமுனையில் ஈஸ்வரியை இறக்கிவிடுகிற ஜீப். "இது சுருளி வண்டியில்ல?" என்றார் பிரின்ஸ். எனக்கு அப்போதும் புரியவில்லை. உறவுக்காரர் வீடு போல என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். நாலு வருஷம் என்னிடம் வேலை பார்க்கிறவள் வீடு எது என்று எனக்குத் தெரியாது.

உள்ளேயிருந்து ஈஸ்வரி வந்தாள். அரக்குப் பட்டு, தலை நிறையப் பூ. "வாங்க டீச்சர்" என்று கை குவித்தாள். அவளுக்குப் பின்னால் கூடத்தில் பாய் மேல் தமிழ்செல்வி உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் சந்தனம், தலையில் அப்போதுதான் வைத்த மல்லிகை. குனிந்த தலை நிமிரவில்லை.

ஏசப்பா! என் கையிலிருந்த பெட்டியைப் பிரின்ஸ் வாங்கியிராவிட்டால் கீழே போட்டிருப்பேன்.

"என்ன ஈஸ்வரி இது? ஏன் எங்கிட்டச் சொல்லல?"

அவளுக்கு முகம் மாறியது. சுற்றி ஆட்கள் நின்றதால் குரலைத் தணித்தாள். "சொன்னேன்ல டீச்சர். ராசிங்காபுரம்னு மொத நாளே சொன்னேன். நல்ல விசயந்தானன்னு சொன்னீக. அப்புறம் நீங்களே ஆர்டரு எடுத்துட்டு வந்து ஒங்க ஊருக்குத்தான் போகுதுன்னீக. தெரிஞ்சுதான் எடுக்கீகன்னு நெனச்சேன். அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

நான் அவளை விட்டுவிட்டுச் சுருளியைத் தேடிப் போனேன். பந்தலுக்குப் பின்னால் அண்டாப் பக்கம் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். நல்ல மனுஷன், கெட்டவன் என்றால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

"சுருளி, புள்ளைக்கு இன்னும் ரெண்டே வருசம். இதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நான் அவுககிட்டப் பேசுறேன். நல்லவுகன்னா காத்திருப்பாக."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இப்பத்தான் தட்டு மாத்துனோம் டீச்சர். கால்மணி நேரம் ஆகுது."

"மாத்துனா என்ன?"

"அப்படிச் சொல்லாதீக. சபையில மாத்துன தட்டு." துண்டைப் பிசைந்துகொண்டே சொன்னார். "எனக்கும் அரைமனசுதான் டீச்சர். எங்கண்ணன்மாரு நெருக்குனாக. ஈஸ்வரி, டீச்சரக் கேப்போம், டீச்சர் வந்து சொல்லட்டும்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நானும் சரின்னுதான் ஞாயித்துக்கெழமை வரைக்கும் முடிவு சொல்லாம இழுத்தேன். அன்னைக்கும் அவுககிட்ட ரெண்டு நாள் டைம் கேட்டுத்தான் அனுப்புனேன், பொதன்கெழம நாள் நல்லாருக்கேன்னு அவுக சொன்னப்பக்கூட. திங்கக்கெழம சோலைமலை அண்ணன் போன் போட்டாக. டீச்சரம்மாவே ஒங்க வீட்டு விசேசத்துக்குப் பன்னு செஞ்சு தர்றாக, சந்தோசமாப் பேசுனாகன்னு. டீச்சரே கை வச்சாச்சு, இனி யோசிக்க என்ன இருக்குன்னு அப்பத்தான் சரின்னு சொன்னேன்."

நான் கூடத்துப் பக்கம் திரும்பி ஈஸ்வரியைத் தேடினேன்.

"ஒரு போன் போட்டிருந்தீகன்னாகூட நிப்பாட்டியிருப்பேன் டீச்சர்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார்.

கூடத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா, சிரித்த முகம், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தமிழ்செல்விக்கு முன்னால் உட்கார வைத்தாள். தட்டில் என் பன்னை அடுக்கியிருந்தார்கள். ஈஸ்வரி போட்ட முடிச்சு ஒன்றுகூடப் பிரியாமல் இருந்தது. "படிப்புச் சொல்லிக் குடுத்த டீச்சரு. மொத வாய் நீங்கதான் ஊட்டி விடணும்" என்றாள் அந்த அம்மா. எல்லாரும் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள்.

பன்னைப் பிய்த்தேன். நீட்டினேன். தமிழ்செல்வி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். அஞ்சாம் வகுப்பில் வாய்ப்பாடு மறந்துபோனால் என்னை ஒரு பார்வை பார்ப்பாள், எடுத்துக் கொடுங்கள் டீச்சர் என்கிற மாதிரி. அந்தப் பார்வையில்லை. மென்று விழுங்கிவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"சனிக்கெழம நீங்க வருவீகன்னு அம்மா சொல்லுச்சு டீச்சர். ஞாயித்துக்கெழமையும் சொல்லுச்சு."

நான் என்ன சொல்ல முடியும்? கடையில் கூட்டம், செல்லம் என்றா? வீடியோ எடுக்க வந்துவிட்டார்கள் என்றா? அவள் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். யாரோ இந்தப் பக்கம் பாருங்கள் டீச்சர் என்றார்கள். பார்த்தேன். அந்தப் போட்டோவில் நான் சிரிக்கிறேன்.

திரும்பி வரும்போது பிரின்ஸ்தான் வண்டி ஓட்டினார். முந்தல் ஊர் தாண்டியதும், "நீ என்னத்தக் கண்ட, ஒனக்கு எப்படித் தெரியும்" என்று ஆறுதலாகச் சொன்னார். வண்டியை நிறுத்தச் சொல்லி அழுதேன். தெரியாமல் செய்திருந்தால் இவ்வளவு வலிக்காது. மூன்று தடவை வந்து சொல்லியும் கேட்காமல் செய்தேன்.

ஈஸ்வரி சனிக்கிழமை வேலைக்கு வந்தாள். வழக்கம்போலக் காய் உடைத்தாள், மாவு பிசைந்தாள், ஒரு வார்த்தை குறையாகப் பேசவில்லை. மூன்று மணிக்குக் கதவைச் சாத்திவிட்டேன். வந்தவர்களிடம் இன்றைக்கு லீவு என்று ஜன்னல் வழியாகவே சொல்லி அனுப்பினேன். வேலுச்சாமி அண்ணாச்சி, "என்ன டீச்சர், ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நானே காபி கலந்தேன். இரண்டு கப். மேசைமேல் வைத்து, என் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, ஈஸ்வரியைக் கூப்பிட்டேன்.

"உக்காரு ஈஸ்வரி."

அவள் நாற்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்தாள். "சொல்லுங்க டீச்சர், என்ன சோலி?" என்றாள்.

"சோலி ஒண்ணுமில்ல. சும்மாதான். நீ பேசு, நான் கேக்குறேன். எம்புட்டு நேரம்னாலும் கேக்குறேன்."

காபியைக் கையில் எடுத்தாள். ஆறட்டும் என்று கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"பேச வேண்டியது இருந்துச்சு டீச்சர்" என்றாள். "இப்ப ஒண்ணுமில்ல."

குடித்து முடித்து, தன் கப்பையும் என் கப்பையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். என் கப்பில் காபி அப்படியே இருந்தது. "குடிக்கலையா டீச்சர்?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். கொட்டிவிட்டுக் கழுவி வைத்தாள்.